கோர்ட்டுக் கட்டுகளில் கிடக்கும் பிரெஞ்சு

சிவில் வழக்குகளில் 'மீன் ப்ராஃபிட்ஸ்' என்று ஒரு பரிகாரம் கேட்போம். ஒருவருடைய நிலத்தையோ வீட்டையோ உரிமை இல்லாத இன்னொருவர் பிடித்து வைத்துக்கொண்டு அனுபவித்தால், அந்த இடைப்பட்ட காலத்தில் அவர் எடுத்த வருமானத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். சோம்பேறித்தனமாகச் சும்மா போட்டு வைத்திருந்தாலும் விடமாட்டோம். அக்கறையாக நடத்தியிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று கணக்குப் பார்ப்போம். 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 2(12) பிரிவு இது. ஆபீஸுக்குப் புதிதாக வரும் ஜூனியர்கள் எழுத்தைக் கூட்டி 'மெஸ்னே' என்றுதான் படிப்பார்கள். நடுவில் உள்ள 'எஸ்' பேசாது, 'மீன்' என்று சொல்லுங்கள் என்று திருத்துவேன். உடனே அடுத்த கேள்வி வரும்: "பேசாத எழுத்தை ஏன் மேடம் எழுதி வச்சிருக்காங்க?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் போனால் இங்கிலாந்துக்கு, அதுவும் எழுநூறு வருடம் பின்னால் போக வேண்டும். அந்த 'மீன்' பிரெஞ்சுச் சொல். நடுவில் உள்ளது, இடைப்பட்டது என்று பொருள். 'மீன்டைம்' என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அதில் இருப்பதும் இதே சொல்தான். முதலில் அதில் 'எஸ்' கிடையாது. எழுதிவிட்டு உச்சரிக்காமல் விடும் 'எஸ்' பிரெஞ்சில் நிறைய உண்டு. அந்தப் பழக்கத்தில் இங்கிலாந்து வழக்கறிஞர்கள் இந்தச் சொல்லிலும் ஒன்றைச் செருகிவிட்டார்கள். இன்று மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கலாகும் பிராதிலும் அந்த 'எஸ்' அப்படியே இருக்கிறது.

இதே மாதிரி இன்னொன்று 'பியூனி ஜட்ஜ்'. உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி தவிர்த்த மற்ற நீதிபதிகளுக்கு அந்தக் காலத்தில் இதுதான் பெயர். இலங்கை உச்ச நீதிமன்ற நீதிபதிகளை இப்போதும் அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள். எழுத்தில் பார்த்தால் 'புயிஸ்னே' என்று படிக்கத் தோன்றும். 'புய்' என்றால் பிறகு, 'நே' என்றால் பிறந்தவர். பின்னால் பிறந்தவர், அதாவது இளையவர். சின்னது, நோஞ்சான் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு 'பியூனி' இருக்கிறது அல்லவா? அதுவும் இதுவும் ஒரே சொல். தெருவில் போன சொல் எழுத்தை உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது, கோர்ட்டுக்குள் தங்கிய சொல் பழைய சட்டையைக் கழற்றவில்லை.

ஆங்கிலத்தில் கலந்த பிரெஞ்சு என்றதும் பலரும் சாப்பாட்டிலிருந்து தொடங்குவார்கள். மெனு, ரெஸ்டாரண்ட், சூப் என்று பட்டியல் போகும். நான் வக்கீல், எனக்குத் தெரிந்த பிரெஞ்சு கோர்ட்டில் கிடக்கும் பிரெஞ்சுதான். அதற்குத் தனிப்பெயரே உண்டு, லா பிரெஞ்ச். ப்ளெயின்டிஃப், டிஃபெண்டன்ட், அட்டர்னி, ஜட்ஜ், ஜூரி, பெயில், லீஸ், டெனன்ட், மார்ட்கேஜ், லியன், டார்ட், பரோல், வெர்டிக்ட், எஸ்டாப்பல். சட்டக் கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் பிள்ளையின் நோட்டைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். கோர்ட் என்ற சொல்லே பிரெஞ்சு வழி வந்ததுதான்.

1066-ல் பிரான்சின் நார்மண்டிப் பகுதிப் பிரபு வில்லியம், ஹேஸ்டிங்ஸ் என்ற போரில் ஜெயித்து இங்கிலாந்தின் அரசரானார். அன்றைக்கே கோர்ட் பிரெஞ்சுக்கு மாறிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. எழுத்து வேலையெல்லாம் ரொம்ப நாள் லத்தீனில்தான் நடந்தது. 13-ஆம் நூற்றாண்டில்தான் அரசரின் நீதிமன்றங்களில் வாய்மொழி வாதம் பிரெஞ்சில் வேரூன்றியது. 1275-ல் வந்த முதல் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் பிரெஞ்சில் எழுதப்பட்டது. அந்த நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1535 வரை கோர்ட்டில் யார் என்ன வாதம் வைத்தார், நீதிபதி என்ன கேட்டார் என்று குறித்து வைத்த 'இயர் புக்ஸ்' என்ற தொகுப்புகளும் பிரெஞ்சில்தான். வேடிக்கை என்னவென்றால், கோர்ட்டில் பிரெஞ்சு கெட்டிப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் வெளியே எப்போதும் ஆங்கிலமே பேசிவந்த ஜனங்களை விடுங்கள், பிரபுக்களின் வீடுகளும் மெல்ல மெல்ல ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருந்தன.

இந்தச் சொற்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது மார்ட்கேஜ். 'மோர்' என்றால் செத்தது, 'காஜ்' என்றால் பிணை. செத்த பிணை. அடமானத்துக்கு ஏன் இப்படி ஒரு பெயர்? 15-ஆம் நூற்றாண்டில் லிட்டில்டன் என்ற நீதிபதி, நில உரிமைகளைப் பற்றி லா பிரெஞ்சிலேயே எழுதிய நூலில் ஒரு காரணம் சொல்கிறார். கடனைக் கட்டாவிட்டால் நிலம் கடன் வாங்கியவருக்குச் செத்துவிடுகிறது; கட்டிவிட்டால் பிணை கடன் கொடுத்தவருக்குச் செத்துவிடுகிறது. அழகான விளக்கம், பாடப் புத்தகங்களில் இதைத்தான் போடுவார்கள். ஆனால் அவருக்கு முந்நூறு வருடம் முன்னால், 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கிளான்வில் பெயரில் வழங்கும் சட்ட நூலில் வேறொரு விளக்கம் இருக்கிறது. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

அந்தக் காலத்தில் நிலத்தைப் பிணையாக வைத்தால், கடன் கொடுத்தவர் நிலத்தையே கையில் வாங்கி வைத்துக்கொள்வார். விளைச்சலும் அவருக்குத்தான். அந்த விளைச்சலைக் கடனில் கழித்துக்கொண்டே வந்தால் அது உயிருள்ள பிணை. நிலம் தானே உழைத்துக் கடனைக் குறைக்கிறது. விளைச்சலை எடுத்துக்கொண்டு அசலை மட்டும் அப்படியே நிறுத்தி வைத்தால் அது செத்த பிணை. எத்தனை வருடம் விளைந்தாலும் கடனில் ஒரு காசு குறையாது. இது வட்டி வாங்குவதற்குச் சமம் என்று அந்த நூல் கண்டிக்கிறது. ஆனாலும் அரசரின் கோர்ட் இதைத் தடுக்கவில்லை என்றும் சொல்கிறது.

மதுரைக்காரர்களுக்கு இதைப் படித்தவுடன் ஒன்று ஞாபகம் வந்திருக்கும். ஒத்தி! செல்லூரிலோ அனுப்பானடியிலோ ஒரு வீட்டை மூன்று வருடத்துக்கு ஒத்திக்கு எடுக்கிறோம் என்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் குடிபோகிறோம். வாடகை கிடையாது, வட்டியும் கிடையாது. கெடு முடிந்தால் வீட்டுக்காரர் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும், நாம் சாவியைத் தர வேண்டும். மூன்று வருடம் குடியிருந்ததற்காக அசலில் ஒரு ரூபாய் கழியாது. கிளான்வில் காலத்து 'மோர் காஜ்' அச்சு அசலாக இதுதான்.

1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டம் இதை 58(டி) பிரிவில் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் யூசுஃப்ரக்சுவரி மார்ட்கேஜ், சென்னைப் பக்கம் போக்கியம், எங்களுக்கு ஒத்தி. அந்தப் பிரிவின் வாசகத்தை நிதானமாகப் படித்தால் ஒன்று தெரியும். வருமானத்தை வட்டிக்கு ஈடாக எடுத்துக்கொள்ளலாம், அல்லது அசலிலும் கழிக்கலாம், அல்லது கொஞ்சம் இதற்கும் கொஞ்சம் அதற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். செத்த பிணை, உயிர்ப் பிணை இரண்டும் ஒரே பிரிவுக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பெயர் மட்டும் எல்லாவற்றுக்கும் மார்ட்கேஜ் என்றே நின்றுவிட்டது.

(ஒத்தி பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அசல் நூறு ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், பத்திரங்களை ஒப்படைத்து வைக்கும் அடமானம் தவிர மற்ற அடமானங்களைப் பதிவு செய்தே ஆக வேண்டும், 59-ஆவது பிரிவு. இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி ரெண்டு சாட்சி போட்டு பீரோவில் வைத்துக்கொள்வது போதாது. லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு அந்தத் தாளோடு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. தயவுசெய்து சார்பதிவாளர் ஆபீஸுக்குப் போங்கள்.)

சரி, கடைத்தெருவுக்கு வருவோம். மிக்ஸி வாங்கப் போனால் "கேரண்டியா, வாரண்டியா?" என்று கேட்காதவர் யார்? இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடைக்காரர் விலாவாரியாகச் சொல்வார். உண்மையில் இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். வில்லியமோடு வந்தவர்கள் பேசியது நார்மண்டிப் பக்கத்து வட்டார பிரெஞ்சு. பாரிஸ் பக்கத்தில் 'க' என்று தொடங்கும் சில சொற்கள் நார்மண்டியில் 'வ' என்று தொடங்கும். முதலில் நார்மண்டிக்காரர்கள் வழியாக 'வாரண்டி' வந்தது. பிற்பாடு மற்றப் பக்கத்துப் பிரெஞ்சின் வாடையோடு 'கேரண்டி' வந்தது. ஆங்கிலம் இரண்டையும் வைத்துக்கொண்டு வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டது. வார்டு, கார்டு, வார்டன், கார்டியன் எல்லாமே இந்த ஜோடிதான். நம் சட்டத்திலும் அந்தப் பிரிவினை அப்படியே இருக்கிறது. பொருளின் தரத்துக்குச் சொல்லும் வாக்கு வாரண்டி, 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் வருகிறது. இன்னொருவர் கடனுக்கு ஜாமீன் நிற்பது கேரண்டி, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு. பிடிவாரண்டில் இருக்கும் வாரண்டும் இதே குடும்பம்.

'ச்', 'க்' என்று பிரிந்த ஜோடியும் உண்டு. கேட்டில் என்றால் மாடு, சேட்டல் என்றால் அசையும் சொத்து. மாடு என்றால் செல்வம் என்ற பொருள் தமிழிலும் இருப்பதால் நமக்கு இது சட்டென்று புரியும். லத்தீனிலிருந்து நேரே வந்த கேப்பிட்டலையும் சேர்த்தால் ஒரே வேரிலிருந்து மூன்று சொற்கள்.

சொற்களை மட்டும் எடுத்திருந்தால் பெரிய விஷயமில்லை, இலக்கணத்தையே எடுத்துக்கொண்டார்கள். லெஸ்ஸி, மார்ட்கேஜி, டோனி, பேயீ என்று கடைசியில் வரும் 'ஈ' பிரெஞ்சின் பெயரெச்சம் மாதிரியான ஒரு விகுதி. 'செய்யப்பட்டவர்', 'கொடுக்கப்பட்டவர்' என்ற பொருள் தரும். வழக்கறிஞர்கள் அதை வைத்துச் சொல் கட்டிக் கட்டிப் பழகியதில் அது கோர்ட்டை விட்டு வெளியே வந்து எம்ப்ளாயி, டிரெய்னி வரைக்கும் போய்விட்டது. இன்னொரு பக்கம் 'அர்' என்று முடியும் சொற்கள். ரிஜாயிண்டர், வேய்வர், இன்டர்ப்ளீடர், டிஸ்க்ளெய்மர். டீச்சர், டிரைவர் மாதிரி செய்பவரைக் குறிக்கும் விகுதி என்று மேலோட்டமாகத் தோன்றும். ரிஜாயிண்டர் என்பது ஆளா என்ன? அது மறுமொழி. பிரெஞ்சு வினைச்சொல்லின் மூல வடிவம் அப்படித்தான் முடியும், அதை அப்படியே பெயர்ச்சொல்லாக்கிக் கொண்டார்கள். டின்னர் என்ற சொல்லும் அதே வார்ப்பில் வந்ததுதான்.

அட்டர்னி ஜெனரல், சொலிசிட்டர் ஜெனரல், நோட்டரி பப்ளிக், கோர்ட் மார்ஷல் எல்லாவற்றிலும் அடைமொழி பின்னால் நிற்பதற்கும் இதுதான் காரணம். அரசியலமைப்பின் 76-ஆவது பிரிவில் வரும் பதவியின் பெயரைக்கூட பிரெஞ்சு வரிசையில்தான் சொல்கிறோம்.

ஆங்கிலப் பத்திரங்களில் ஒன்றுக்கு இரண்டாகச் சொற்களை அடுக்குவார்கள், பார்த்திருப்பீர்கள். வில் அண்ட் டெஸ்டமென்ட், குட்ஸ் அண்ட் சேட்டல்ஸ், பிரேக்கிங் அண்ட் என்டரிங். ஆங்கிலம் தெரிந்தவருக்கு ஒன்று, பிரெஞ்சு தெரிந்தவருக்கு ஒன்று என்று சேர்த்து எழுதினார்கள் என்பது எல்லோரும் சொல்லும் விளக்கம். ஓரளவுக்குத்தான் இது எனக்கு ஒப்புகிறது. சீஸ் அண்ட் டெசிஸ்ட், எய்ட் அண்ட் அபெட் இவற்றில் இரண்டு பக்கமும் பிரெஞ்சுதானே? அங்கே யாருக்காக எதை மொழிபெயர்த்தார்கள்? நார்மண்டிக்காரர்கள் வருவதற்கு முன்பே பழைய ஆங்கிலத்தில் ஜோடி ஜோடியாகச் சொல்லும் பழக்கம் இருந்தது. நம் பத்திர எழுத்தர்களைப் பாருங்கள்: "ஆண்டு அனுபவித்து", "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்", "சர்வ சுதந்திர பாத்தியங்களுடன்". இதை யாரும் யாருக்கும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. சொத்து கைமாறும்போது வாய்நிறையச் சொன்னால்தான் மனுஷனுக்குத் திருப்தி. ஒன்றை விட்டால் அந்த ஓட்டை வழியாக எவனாவது வந்துவிடுவான் என்ற பயமும் கூட. வில் அண்ட் டெஸ்டமென்டில் இருக்கும் 'வில்' அசல் ஆங்கிலம். அதைத்தான் நாம் உயில் என்று எடுத்துக்கொண்டோம். தமிழ்ச் சொல் என்றே பலர் நினைக்கும் அளவுக்கு அது ஒட்டிவிட்டது.

இனி, இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

1362-ல் மூன்றாம் எட்வர்டு காலத்தில் ஒரு சட்டம் வந்தது. அதன் முன்னுரையில் என்ன குறை சொல்கிறார்கள் தெரியுமா? நாட்டில் பலருக்கும் தெரியாத பிரெஞ்சு மொழியில் வழக்குகளை வாதிக்கிறார்கள், தீர்ப்பும் சொல்கிறார்கள். வழக்குப் போட்டவருக்கும் போடப்பட்டவருக்கும், தங்கள் வழக்கறிஞர்கள் தங்களுக்காகவோ தங்களுக்கு எதிராகவோ என்ன பேசுகிறார்கள் என்று ஒன்றும் விளங்குவதில்லை. அதனால் இனி வாதம் ஆங்கிலத்தில் நடக்கட்டும், பதிவு லத்தீனில் இருக்கட்டும். இதுதான் உத்தரவு. இந்தச் சட்டத்தை எழுதிய மொழி பிரெஞ்சு.

உத்தரவு வந்தும் லா பிரெஞ்ச் சாகவில்லை. பேச்சில் குறைந்தது, ஆனால் குறிப்புகளிலும் வழக்குத் தொகுப்புகளிலும் முந்நூறு வருடத்துக்கு மேல் ஓடியது. பேசுவோர் இல்லாத மொழியை எழுதிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற குறிப்பு இருக்கிறது. 1631 கோடையில் சால்ஸ்பரியில் நீதிபதி ரிச்சர்ட்சன் வழக்கு விசாரிக்க உட்கார்ந்திருக்கிறார். தண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதி அவரை நோக்கிச் செங்கல் துண்டை வீசுகிறான். அதைக் குறித்து வைத்தவர் எழுதுகிறார்: "ஜெக்ட் அன் பிரிக்பேட் அ லெ தித் ஜஸ்டிஸ் க்யூ நேரோலி மிஸ்ட்." சட்டகம் பிரெஞ்சு. செங்கல் துண்டுக்கு பிரெஞ்சில் என்ன சொல் என்று அவருக்கு வரவில்லை, 'பிரிக்பேட்' என்று போட்டுவிட்டார். 'மயிரிழையில் தவறியது' என்பதற்கும் ஆங்கிலமே. 1688-ல் அச்சான ஒரு வழக்குத் தொகுப்பின் ஓரக்குறிப்பாக இது இன்றும் இருக்கிறது. சட்ட மாணவர்கள் இதைப் படித்துச் சிரிப்பது வழக்கம்.

எனக்குச் சிரிப்பு வருவதில்லை, குறிப்பின் அடுத்த வரிதான் காரணம். உடனே அங்கேயே அவன் மேல் குற்றப்பத்திரிகை எழுதினார்கள், வலது கையை வெட்டித் தூக்குமரத்தில் அறைந்தார்கள், அவனையும் கோர்ட்டார் கண் முன்னாலேயே தூக்கிலிட்டார்கள். அந்த மனிதனின் பெயர்கூட அதில் இல்லை. அவனுடைய சாவைப் பற்றிய இந்தக் குறிப்பு, அவன் ஊரில் யாருக்கும் படித்தால் புரியாத மொழியில் இருக்கிறது.

ஒருவர் மேல் குற்றம் சாட்டும்போது கோர்ட்டில் சொல்லும் வாசகத்திலிருந்தே ஒரு சொல் பிறந்த கதையும் இதே ரகம். கைதி "நான் குற்றவாளி இல்லை" என்றதும் கோர்ட் கிளர்க் அரசர் தரப்பில், "குற்றவாளிதான், நிரூபிக்கத் தயார்" என்று பிரெஞ்சில் பதில் சொல்ல வேண்டும். ஏட்டில் அதைச் சுருக்கி 'குல்', 'ப்ரிஸ்ட்' என்று எழுதினார்கள். காலப்போக்கில் படிப்பவர்கள் அந்த இரண்டையும் ஒட்டி, எதிரே நிற்கும் ஆளைக் கூப்பிடும் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். இப்படித்தான் 'கல்ப்ரிட்' பிறந்தது என்று அகராதிக்காரர்கள் விளக்குகிறார்கள். 1678-ல் பெம்ப்ரோக் பிரபு மீது நடந்த கொலை வழக்கின் பதிவில் முதலில் தென்படுகிறது.

1650-ல், அரசர் இல்லாமல் குடியரசாக இருந்த சில வருடங்களில், சட்டப் புத்தகங்களையும் கோர்ட் நடவடிக்கைகளையும் ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லி நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1660-ல் அரசர் திரும்பி வந்ததும் அது போச்சு. கடைசியில் 1733 மார்ச் 25 முதல்தான் இங்கிலாந்தின் கோர்ட் நடவடிக்கைகள் முழுக்க ஆங்கிலமாயின. 1362-ல் போட்ட கோரிக்கைக்கு வந்த பதில்! அதற்குப் பிறகும் முனகல் ஓயவில்லை. மொழியை மாற்றி இத்தனை வருடம் ஆகியும் ஜனங்களின் சட்ட அறிவு முன்பு இருந்த மாதிரியேதான் இருக்கிறது என்று பிளாக்ஸ்டன் எழுதினார். பெரிய சட்ட மேதை. அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. முன்பு சொன்னதற்கு மாறாகப் பின்னால் பேச விடாத எஸ்டாப்பலை 'முரண்தடை' என்று மாற்றியதும் கட்சிக்காரருக்கு விளங்கிவிடாது. ஆனால் அதன் மூலப் பொருள் என்ன? 'அடைப்பு', குப்பியின் வாயை அடைக்கும் தக்கை. ஒருவர் தானே செய்த செயல் அவர் வாயை அடைத்துவிடுகிறது என்று கோக் என்ற பழைய சட்ட அறிஞர் விளக்கம் எழுதினார். "நீங்க அன்னைக்குக் கையெழுத்துப் போட்டுட்டீங்க, இப்ப மாத்திப் பேச முடியாது, வாய் அடைபட்டுப் போச்சு" என்று தமிழில் சொன்னால் செல்லூர்த் தறிக்காரருக்கும் ஒரு நொடியில் விளங்குகிறது. அந்த வழி இருக்கும்போது பிளாக்ஸ்டன் சொன்னதை ஒரு சாக்காக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவுக்கு அரசரின் ஒப்புதலை அறிவிக்கும்போது கிளர்க் இன்றும் "லெ ருவா லெ வோ" என்று சொல்கிறார். அரசர் அவ்வாறே விரும்புகிறார் என்று பொருள். அரசி இருந்தவரை "லா ரேன் லெ வோ". 2022-ல் எலிசபெத் மறைந்ததும் மாற்றிக்கொண்டார்கள். மறுப்பதற்கும் ஒரு வாசகம் உண்டு, 'யோசிக்கிறேன்' என்ற மாதிரி. அதைக் கடைசியாகச் சொன்னது 1708-ல், ஆன் அரசி காலத்தில். மக்களவையிலிருந்து பிரபுக்கள் அவைக்கு மசோதாவை அனுப்பும்போது 'பிரபுக்களிடம் ஒப்படைக்கப்படட்டும்' என்று பிரெஞ்சில் எழுதுவார்கள். அந்த 'ஒப்படை'தான் பெயில். கைதியை ஜாமீன்தாரர் கையில் ஒப்படைப்பது. சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை விட்டு டோக்கன் வாங்குகிறோமே, சட்டத்தில் அதற்குப் பெயர் பெயில்மென்ட். அதுவும் அதே சொல்.

இதில் என்னை உலுக்கிய தகவல் ஒன்று உண்டு. 1947 ஜூலை 18 அன்று இந்திய சுதந்திரச் சட்டத்துக்கு அரசரின் ஒப்புதல் கிடைத்தது. அன்றைக்கும் சொன்னது இதே "லெ ருவா லெ வோ"தான். முப்பது நாற்பது கோடி பேரின் விடுதலை சட்டமான அந்த நேரத்தில் ஒலித்தது தமிழும் இல்லை, இந்தியும் இல்லை, ஆங்கிலமும் இல்லை.

நம் கோர்ட்டில் இங்கிலாந்தின் 1362 இன்னும் முடியவில்லை. தமிழ்நாட்டின் 1956 ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-ல் பிரிவுகளைச் சேர்த்து, கீழமை நீதிமன்றங்களில் சாட்சியத்துக்கும் தீர்ப்புக்கும் தமிழைக் கொண்டு வந்தார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் என் கட்சிக்காரர் சாட்சிக் கூண்டில் தமிழில் பேசுகிறார், எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் தமிழில் கேட்கிறார், இவர் சுடச்சுடப் பதில் சொல்கிறார். அதே வழக்கு அப்பீலாகி ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனால் நடவடிக்கை எல்லாம் ஆங்கிலம். அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவு அப்படி வைத்திருக்கிறது. அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு வழியாக ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு அனுமதி உண்டு. தமிழுக்கும் வேண்டும் என்று நம் சட்டமன்றம் 2006-ல் தீர்மானம் போட்டது. இன்றுவரை கிடைக்கவில்லை.

வாதம் முடிந்து வெளியே வந்தால் தாழ்வாரத்தில் கட்சிக்காரர் என் முகத்தைத்தான் பார்ப்பார். "என்னம்மா சொன்னாரு ஜட்ஜய்யா? நமக்குச் சாதகமாப் பேசினாரா?" உள்ளே அவரும் உட்கார்ந்துதான் இருந்தார், அவர் வீட்டைப் பற்றித்தான் பேசினோம். 1362 சட்டத்தின் முன்னுரையில் எழுதியிருக்கும் அதே குறை இது.

அதனால் அப்பீல் போடும் ஒவ்வொரு கட்டிலும் முதல் தாளாகத் தமிழில் ஒரு பக்கம் எழுதி வைக்கிறேன். கீழ்க்கோர்ட் என்ன சொன்னது, நாம் எதை எதிர்க்கிறோம், எதிராளி என்ன சொல்வார், எவ்வளவு நாள் ஆகலாம். கட்சிக்காரரிடம் அதில் ஒரு நகல் கொடுத்துவிடுவேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு என் குமாஸ்தா வாசித்துக் காட்டுவார். ஜூனியர்களையும் இதை எழுதச் சொல்கிறேன். ரெஸ் ஜுடிகேட்டாவை (ஒருமுறை தீர்ப்பானதை மறுபடி வழக்காடக் கூடாது என்ற விதி) ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதும் பிள்ளைகள் தமிழில் மூன்று வரி எழுதத் திணறுவார்கள், ஆனால் ஒரு மாதத்தில் பழகிவிடுகிறது.

நாம் புழங்கும் வக்கீல், ஜாமீன், ஜப்தி, வாய்தா, அமீனா, தாவா எல்லாம் பாரசீகம், அரபு வழி வந்தவை. முந்தைய ஆட்சியாளர்கள் விட்டுப் போனவை, இங்கிலாந்துக்கு நார்மண்டிக்காரர்கள் விட்டுப் போன மாதிரி. பிராது என்ற சொல்லின் வேர் 'ஃபரியாத்', முறையிட்டு ஓலமிடுவது. ஆங்கில 'ப்ளெயின்ட்'டும் பிரெஞ்சு வழியாகப் புலம்பல் என்ற பொருளிலிருந்து வந்ததுதான். பாரசீகச் சொற்களைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதும் எண்ணம் இருக்கிறது. உங்கள் ஊர்க் கோர்ட்டிலோ சார்பதிவாளர் ஆபீஸிலோ வயசான குமாஸ்தாக்கள் மட்டும் சொல்லும் சொற்கள் ஏதாவது இருந்தால், எந்த ஊர், எதற்குச் சொல்வார்கள் என்பதோடு கீழே எழுதுங்கள். ஒத்தி, போக்கியத்துக்கு வேறு பெயர் வழங்கும் ஊர்க்காரர்கள் கட்டாயம் எழுதுங்கள்.